நேரே நீர்ப்படை

நான் காலையில் பால் வாங்கப் போகும் தெருமுனையில் ஒரு வீரன் நிற்கிறான். பெங்களூரின் பழைய ஏரிக்கரை ஊர்களில் அங்கங்கே மிச்சமிருக்கும் வீரக்கற்களில் ஒன்று. மூன்று அடுக்குச் சிற்பம். கீழே சண்டை, நடுவில், செத்தவனைத் தேவமகளிர் இரண்டு பேர் தோளைப் பிடித்துத் தூக்கிப் போவது, உச்சியில் கைலாசம். நடைபாதையை முதல் தடவை உயர்த்தியபோது சண்டை போயிற்று. இரண்டாம் தடவை தேவமகளிர் இடுப்புவரை சிமென்டில் புதைந்தார்கள். ஆக, அவன் செத்தும் முடித்து, கைலாசமும் போய்ச் சேராமல், பாதி வழியில் டைல்ஸ் தரையில் மாட்டிக்கொண்டு நிற்கிறான். அவன் மேல் ஒரு ஸ்கூட்டர் சாய்ந்திருக்கிறது.

பக்கத்தில் பூக்கட்டும் அம்மா தினமும் ஒரு துண்டு கனகாம்பரத்தை அவன் தலையில் போடுவார். யார் இது என்று கேட்டேன்.

"யாரோ சாமிங்க சார். ரோடு போட வந்த பசங்ககிட்ட, அவர விட்டுட்டு ஓரமா போடுங்கப்பான்னேன். லெவல் வரணும்மா, லெவல் வரலைன்னா பில்லு பாஸாகாதுன்னுட்டாங்க."

இந்தியாவின் தொல்லியல் கொள்கையை இத்தனை சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. லெவல் வரணும். எங்கள் தெருமுனையில் அந்த லெவல் ஒரு சாண். கனகபுராவுக்குத் தெற்கே, காவிரி பாறையைக் குடைந்துகொண்டு ஓடும் காட்டில், அதே லெவல் 99 மீட்டர்.

மேகதாதுவில் கர்நாடகம் கட்ட நினைக்கும் அணையைத்தான் சொல்கிறேன். தமிழ் வாசகருக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் டிஎம்சி நினைவுக்கு வரும்; கன்னட வாசகருக்குக் குழாயில் தண்ணீர் நினைவுக்கு வரும். 2019 ஜனவரியில் மத்திய நீர் ஆணையத்திடம் கர்நாடகம் கொடுத்த விரிவான திட்ட அறிக்கையின்படி கொள்ளளவு 67.16 டிஎம்சி, செலவு 9,000 கோடி ரூபாய், மின்சாரம் 400 மெகாவாட், பெங்களூருக்குக் குடிநீர் 4.75 டிஎம்சி. 2022 ஜனவரியில் கொரோனாவுக்கு நடுவே காங்கிரஸ் இதற்காகச் சங்கமாவிலிருந்து பாதயாத்திரை போனது. அந்த ஆண்டு பட்ஜெட்டில் பாஜக அரசு 1,000 கோடி ஒதுக்கியது. தமிழகச் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம், அறிக்கை நிலையிலேயே வழக்கா, இது காலத்துக்கு முந்தியது என்று தமிழகத்தின் மனுவைத் தள்ளியது. இத்தனை வருடச் சண்டையில் எல்லோரும் தண்ணீரை அளந்தார்கள். மூழ்கப்போகும் நிலம் 4,996 ஹெக்டேர், அதாவது பன்னிரண்டாயிரம் ஏக்கருக்கு மேல். அதில் பெரும்பகுதி காவிரி வனவிலங்குச் சரணாலயம். அந்தக் காட்டுத் தரையில் என்ன கிடக்கிறது என்று இரு தரப்பிலும் ஒருவரும் கேட்கவில்லை.

மரத்தை எண்ணினார்கள். 2023இல் மரமும் நிலமும் கணக்கெடுக்க வனத்துறை ஆட்களைக் காட்டுக்குள் அனுப்பினார்கள். எண்ணத்தான் வேண்டும், மரத்துக்கு ஒரு விலை உண்டு. காட்டை எடுத்துக்கொள்கிறவர் 'நிகர தற்போதைய மதிப்பு' என்று ஹெக்டேருக்கு இவ்வளவு கட்ட வேண்டும், வேறெங்காவது கன்று நட வேண்டும். மரம் செத்தால் ரசீது கிடைக்கும். நடுகல்லுக்கு நிகர மதிப்பும் கிடையாது, தற்போதைய மதிப்பும் கிடையாது. ஈடாக இன்னொரு வீரனைச் சாகச் சொல்லி வேறொரு தாலுகாவில் நட முடியுமா?

வனநிலத்தை வேறு காரியத்துக்குக் கேட்கும் விண்ணப்பத்தில் இரண்டாம் பகுதி என்று ஒன்று உண்டு. துணை வனப் பாதுகாவலர் நிரப்ப வேண்டியது. (இந்த விண்ணப்பத்துக்கு அடிப்படையான சட்டத்தின் பெயர் 1980 முதல் வனப் பாதுகாப்புச் சட்டம் என்று எல்லோர் வாயிலும் நுழைந்துகொண்டிருந்தது. 2023இல் அதை 'வன் சன்ரக்ஷண் ஏவம் சம்வர்தன் அதினியம்' ஆக்கினார்கள். கனகபுரா கிளார்க்குக்கும் புரியாது, ஒகேனக்கல் கார்டுக்கும் புரியாது. காவிரி விஷயத்தில் இரு மாநிலத்துக்கும் கிடைத்த ஒரே சமநீதி அது.) அந்தப் பகுதி மரம், அடர்த்தி, மண்ணரிப்பு, யானை, அருகிவரும் உயிர்கள் என்று கேட்டுக்கொண்டே போய், ஒரு வரியில் வரலாற்றையும் விசாரித்துவிடுகிறது. தமிழில் சொன்னால் இப்படி வரும்: பாதுகாக்கப்பட்ட தொல்லியல் அல்லது மரபுச் சின்னம், பாதுகாப்புத் துறை நிறுவனம், அல்லது வேறு ஏதேனும் முக்கியமான நினைவுச்சின்னம் இவ்விடத்தில் அமைந்துள்ளதா? இருப்பின் விவரமும், தேவைப்பட்டால் உரிய அதிகாரியின் தடையின்மைச் சான்றும் தருக.

இப்படிப்பட்ட நூற்பாவை உரை இல்லாமல் விட்டால் நம் பரம்பரைக்கு இழுக்கு. பரிமேலழகர் கிடைக்காத காலம். ஏழைக்கேற்ற எள்ளுருண்டையாக நானே எழுதுகிறேன்.

'பாதுகாக்கப்பட்ட' என்றது அடை. அடை இருவகைத்து, இனமுள்ளதும் இனமில்லாததும் என. செஞ்ஞாயிறு என்புழிக் கருஞாயிறு உண்டோ எனத் தேடவேண்டாமையின் அஃது இனமில் அடை. ஈண்டு நின்றதோ இனமுள்ள அடை. பாதுகாக்கப்படாதனவற்றை நீக்குதற்கு வந்தது. எனவே அரசிதழில் ஏறியதே சின்னம், ஏறாதன கருங்கல் என்பது பெறப்பட்டது. அஃதேல், ஒருவரும் புக்குக் காணாத காட்டின்கண் அரசிதழில் ஏறியது யாங்ஙனம் இருக்கும் எனின், இராது என்க. இராதாகலின் 'இல்லை' என்னும் விடை வாய்மையே. அலுவலர் பொய்யுரையாமை கண்டுகொள்க.

'பாதுகாப்புத் துறை நிறுவனம்' என்பதனை நடுகல்லோடு ஒரே வரியில் வைத்தது, இரண்டிடத்தும் ஆயுதம் உண்மையான் என்க. 'முக்கியமான' என்புழி யார்க்கு என்பது எஞ்சி நின்றது. திட்டத்தை நிறுத்தும் அளவினது என்பது குறிப்பு. அவ்வளவினது எதுவும் இன்மையின் அதற்கும் விடை மேலதே. 'தேவைப்பட்டால்' என்றது, படாது என்றவாறு.

இதனாற் சொல்லியது: தேடற்க, தேடாதது கிடையாது, கிடையாதது இல்லை.

உரை முற்றிற்று. இந்தக் கட்டத்தை நிரப்பும் அலுவலர் காட்டியல் படித்தவர். ஈட்டி மரத்தைப் பட்டையைத் தொட்டே சொல்லிவிடுவார். பெருங்கற்காலக் கல்வட்டத்தின் மேல் உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தாலும் அவருக்கு அது கல்தான். அவரைக் குறை சொல்லவில்லை. பல் டாக்டரிடம் இருதயத்தைக் காட்டிவிட்டு, 'ஒன்றுமில்லை' என்று சான்று வாங்கிவரும் அரசைச் சொல்கிறேன்.

சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை இருக்கிறதே, அதில் தொல்லியல் வருமே என்பீர்கள். வரும், ஒரு பத்தி வரும். திட்டம் போடுகிறவரே காசு கொடுத்து எழுதவைக்கும் அறிக்கை அது. ரத்தினகிரியில் ஒரு பாக்சைட் சுரங்கத்துக்கு எழுதிய அறிக்கையில் ரஷ்யக் காட்டு மரங்கள் முளைத்திருந்தன. ரஷ்யச் சுரங்கம் ஒன்றின் அறிக்கையிலிருந்து எடுத்து ஒட்டியது. அவ்வளவு தூரம் எதற்கு? நம் பெங்களூரில் ஹெப்பாளத்திலிருந்து சில்க் போர்டுவரை போடப்போகும் சுரங்கச் சாலையின் திட்ட அறிக்கைக்குள் மகாராஷ்டிரத்து மாலேகானும் நாசிக்கும் வந்து உட்கார்ந்திருந்ததை 2025இல் பத்திரிகைகள் எழுதின. சில்க் போர்டு சிக்னலில் அரைமணி நேரம் நிற்கிறவனுக்கு மாலேகானுக்கே வந்துவிட்டோமோ என்று தோன்றுவது உண்மைதான். அறிக்கை எழுதியவர்களும் அங்கேதான் நின்றிருப்பார்கள்.

மேகதாதுவுக்கு அந்த அறிக்கையின் வரம்பைக்கூட இன்னும் யாரும் வகுக்கவில்லை. 2019இல் மத்திய அமைச்சகத்தின் நிபுணர் குழு, முதலில் இரு மாநிலமும் பேசித் தீர்த்துக்கொண்டு வாருங்கள் என்று தள்ளிவைத்தது. ஆகவே காலம் கடந்துவிடவில்லை. நடந்து பார்க்க இது நல்ல சமயம். ஆனால் அந்தக் கட்டத்தில் என்ன எழுதப்போகிறார்கள் என்பதற்கு ஜோசியர் வேண்டாம்.

இந்தக் காட்டில் யாருமே நடக்கவில்லை என்று சொன்னால் அது பொய். இந்தியாவிலேயே அதிகம் சலித்தெடுத்த காடுகள் காவிரிக்கு இரு கரையிலும் உள்ளவைதான். ஒரே ஒரு ஆளுக்காக இரண்டு மாநிலத்துச் சிறப்பு அதிரடிப் படைகள் பல ஆண்டுகள் 'கோம்பிங்' போனார்கள். வரிசையாக, குறிப்பிட்ட இடைவெளி விட்டு, தரையைப் பார்த்துக்கொண்டே நடப்பது. குகை தென்பட்டால் நுழைந்து பார்ப்பது. கிராமத்தில் கிழவர்களை உட்காரவைத்துக் கேட்பது (கேட்ட விதத்தை இங்கே சொல்லவேண்டாம், அந்த மலைக்கிராமங்கள் இன்னும் மறக்கவில்லை). தொல்லியல் மேற்பரப்பாய்வு என்று பாடப்புத்தகத்தில் போட்டிருப்பதும் அச்சு அசல் இதுதான்: வரிசை, இடைவெளி, தரை, குகை, கிழவர். வித்தியாசம், அவர்கள் குகையில் ஆளைத் தேடினார்கள், சுவரைப் பார்க்கவில்லை. 2004 அக்டோபரில் வீரப்பன் செத்ததும் கோம்பிங் முடிந்துவிட்டது. காட்டில் தேட வேண்டியது வேறெதுவும் இருப்பதாக இரு அரசுக்கும் தோன்றவில்லை.

எதுவும் இல்லை என்று எந்த முகத்தோடு சொல்லுவார்கள்? இந்தக் காட்டைத் தாண்டினால் கிருஷ்ணகிரி. அங்கே மல்லசந்திரத்தில் கற்பலகைகளால் எழுப்பிய ஈமச்சின்னங்கள் ஒரு குன்று முழுக்க நிற்கின்றன. மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்புக்குக் கி.மு. 2172 என்று கணக்கு வந்ததைச் சட்டமன்றத்திலேயே 2022 மே மாதம் அறிவித்தார்கள். தருமபுரியிலும் செங்கத்திலும் நடுகல் இல்லாத ஏரிக்கரையைக் காண்பது அரிது. மேற்கே, அப்போது கான்கானஹள்ளி என்று பெயர் பெற்றிருந்த இதே கனகபுரா தாலுகாவின் கல்வெட்டுகளை பி. எல். ரைஸ் 1905இல் 'எபிகிராபியா கர்நாடிகா' ஒன்பதாம் தொகுதியில் அச்சேற்றினார். அப்போது ஜிபிஎஸ் இல்லை, ட்ரோன் இல்லை, ஜீப் இல்லை. சம்பளம் வாங்கியதற்கு வேலை பார்க்கும் கெட்ட பழக்கம் மட்டும் இருந்தது. இந்தப் பக்கம் இருக்கிறது, அந்தப் பக்கம் இருக்கிறது. நடுவே பன்னிரண்டாயிரம் ஏக்கரில் மட்டும் மனிதன் நாலாயிரம் வருடமாகக் கால் வைக்காமல் தாண்டிப் போனான் என்று நம்பவேண்டுமாம். தாண்டியது ஆடு. மேகதாது என்ற பெயருக்கு அர்த்தமே அதுதான், ஆடு தாண்டும் இடம்.

பெங்களூர் தன் பழமையை எப்படித் தெரிந்துகொண்டது என்று பார்த்தால் சிரிப்பும் வரும், வயிறும் எரியும். 1891இல் யஷ்வந்தபுரத்தில் ரயில் வேலைக்கு மண் எடுத்தபோது 163 ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. 1965இல் எச்.ஏ.எல். பக்கம் இன்னொரு குவியல், 256. ஹெப்பாளத்தில் சாக்கடைக்குத் தோண்டினார்கள். கங்க மன்னன் ஸ்ரீபுருஷன் காலத்துக் கிட்டய்யா என்ற வீரனின் கல் வந்தது, கி.பி. 750 வாக்கில். நகரத்தின் மிகப் பழைய கன்னடக் கல்வெட்டு அதுதான் என்கிறார்கள். 2012இல் கே.ஆர். மார்க்கெட்டில் மெட்ரோவுக்குத் தோண்டியபோது இரண்டு பீரங்கிகள். ரயில், ஆலை, சாக்கடை, மெட்ரோ. இந்த ஊரின் ஆகச்சிறந்த தொல்லியலாளர் ஜேசிபிதான். ஒரே குறை, அவர் குறிப்பு எழுதுவதில்லை. ஜேசிபி பார்த்துவிட்டுச் சொல்லாமல் போனவை எத்தனையோ.

இந்த ஊருக்குப் பெங்களூர் என்று பெயர் இருந்ததற்கு இன்றுள்ள பழைய சாட்சியே பேகூர் நாகேசுவரர் கோயிலில் இருக்கும் வீரக்கல்தான், 890 வாக்கில் பெங்களூர்ப் போரில் செத்த ஒருவனுக்காக நட்டது. தொம்லூர்ச் சொக்கநாதர் கோயிலில் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது, ஊர்ப்பெயர் தொம்பலூர் என்று. மடிவாளத்துச் சோமேசுவரர் கோயில் சுவரிலும் தமிழ்தான். இவை கோயில் சுவரில் இருந்ததால் பிழைத்தன. வெளியில் நின்றவற்றில் பல, ரைஸ் பார்த்துப் படியெடுத்த இடத்தில் இன்று இல்லை. அவற்றைத் தேடிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பைக்கில் அலைந்தவர்கள் 'இன்ஸ்கிரிப்ஷன் ஸ்டோன்ஸ் ஆஃப் பெங்களூர்' என்ற தன்னார்வலர்கள். 2021 முதல் மிதிக் சொசைட்டியில் முப்பரிமாண ஸ்கேனரை வைத்து ஒவ்வொரு கல்லாகப் பதிவு செய்துகொண்டிருப்பதும் அப்படிப்பட்டவர்களே. ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த ஊரில் அரசு செய்ய வேண்டியதைச் சிலர் லீவு நாளில் செய்கிறார்கள். வேறென்ன சொல்ல.

நடுகல் எடுப்பதற்குத் தொல்காப்பியம் ஆறு நிலை சொல்கிறது. முதலாவது காட்சி: மலைக்கும் காட்டுக்கும் போய்த் தகுந்த கல்லைக் கண்டறிவது. அதன் பிறகு கால்கோள். மூன்றாவதாகத்தான் நீர்ப்படை, கல்லை நீராட்டுவது. பிறகு நடுதல், பெரும்படை, கடைசியில் வாழ்த்து. நம் நீர்வளத் துறைகள் இதைச் சீர்திருத்தி இரண்டே நிலையாகச் சுருக்கிவிட்டன. காட்சி கிடையாது, அதற்குத்தான் காட்டுக்குள் போகவேண்டுமே. நேரே நீர்ப்படை, 67 டிஎம்சியில். அதன் பிறகு வாழ்த்து, திறப்பு விழா மேடையில்.

இதற்குப் பணமில்லை, ஆளில்லை, நேரமில்லை என்று யாராவது சொன்னால் நாகார்ஜுனகொண்டா என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். சோற்றுக்குக் கப்பலை எதிர்பார்த்துக்கொண்டிருந்த நாடு. கிருஷ்ணையின் குறுக்கே நாகார்ஜுன சாகர் வரப்போகிறது என்றதும் 1954 முதல் 1960 வரை அந்தப் பள்ளத்தாக்கையே தோண்டினார்கள். கற்காலக் கருவியிலிருந்து இக்ஷ்வாகு காலத்து ஸ்தூபி, விகாரை, படித்துறைவரை எடுத்தார்கள். முக்கியமானவற்றைக் கழற்றிக் குன்றுக்கு மேலே கொண்டுபோய்த் திரும்பக் கட்டினார்கள். இன்று அது அணை நீருக்கு நடுவே தீவு. அணையும் நிற்கிறது, ஸ்தூபியும் நிற்கிறது. நேரு காலத்து ஏழை சர்க்கார் ஆறு வருடம் தோண்டியது. 9,000 கோடிக்குத் திட்டம் போடுகிறவர்களுக்கு ஆறு மாதம் நடக்க முடியாது.

அணைக்காகப் பெயர்த்து மேலே வைத்த எகிப்தின் அபு சிம்பலை எல்லோரும் சொல்வார்கள். நான் பக்கத்து வீட்டைச் சொல்கிறேன். இலங்கையில் 2000ஆம் ஆண்டு கொண்டுவந்த விதிப்படி கால் ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில் பெரிய திட்டம் என்றால் தொல்லியல் தாக்க மதிப்பீடு வேண்டும். கால் ஹெக்டேர், நம் கணக்கில் அறுபது சென்ட் சொச்சம். இங்கே ஐயாயிரம் ஹெக்டேருக்கு ஒரு வரிக் கட்டம். இலங்கையைப் புகழ்ந்து விட்டுவிடவும் மனம் வரவில்லை. அங்கே தொல்லியல் திணைக்களம் காட்டுக்குள் நுழைந்தால் முல்லைத்தீவுக் குருந்தூர்மலைக்காரன் நடுங்குகிறான். எல்லைக்கல் நட்டால் தன் வயல் போகும் என்று அவனுக்குத் தெரியும். அங்கே தொல்லியலை வைத்து நிலத்தைப் பிடிக்கிறார்கள். இங்கே தொல்லியல் இல்லாமலே பிடிக்கிறார்கள். எது மோசம் என்று பட்டிமன்றம் வைக்கலாம்.

நம் நாட்டில் 'பாதுகாக்கப்பட்டது' என்ற முத்திரை விழுந்தாலாவது தப்பிக்குமா? 1958ஆம் ஆண்டுச் சட்டத்தையும் அதன் 2010 திருத்தத்தையும் சேர்த்துப் பார்த்தால் மத்திய அரசின் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டக் கூடாது, அடுத்த 200 மீட்டரில் அனுமதியோடுதான். நாடு முழுக்கச் சுமார் 3,700 இடங்களுக்கு இந்த யோகம். 2013இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் போய்ப் பார்த்தார். 92 சின்னங்களைக் காணவில்லை. பிறகு தொல்லியல் துறை தேடிப்பிடித்தது 42. மீதியில் 14 நகரமயமாக்கலில் போயின, 24 எங்கே என்றே தெரியவில்லை, 12 அணைகளில் மூழ்கின. சர்க்காரின் சொந்தப் பதிவேட்டில் இருந்தவை இந்தப் பன்னிரண்டும். பதிவேட்டில் இல்லாத நடுகல்லுக்கு யார் அழுவார்?

தமிழ்நாட்டுப் பக்கம் நல்லவர்கள், கர்நாடகம் கெட்டது என்று இதைப் படித்துச் சந்தோஷப்படுகிறவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். மேகதாதுவுக்கு மாற்றாக நம் விவசாய சங்கத் தலைவர்கள் சிலர் கேட்பது இராசிமணல் அணை. அதுவும் காட்டுக்குள்தான். அங்கே மூழ்கும் தரையில் என்ன இருக்கிறது என்று கேட்டு ஒரு துண்டறிக்கைகூட என் கண்ணில் பட்டதில்லை. கீழடிக்குக் கண்ணீர் விடுவோம். காட்டில் கிடந்தால் கல். அரிட்டாபட்டியில் என்ன நடந்தது? தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, சமணர் படுக்கை, பாண்டியர் குடைவரை எல்லாம் இருக்கும் ஊர். 2022இல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்த ஊர். அதையும் சேர்த்து 2,015 ஹெக்டேரை மத்திய அரசு 2024 நவம்பரில் டங்ஸ்டனுக்கு ஏலம் விட்டது. ஏல வரைபடத்தைப் போட்டவருக்கு மண்ணுக்கடியில் டங்ஸ்டன் தெரிந்தது, மண்ணுக்கு மேலே இரண்டாயிரம் வருடத்து எழுத்து தெரியவில்லை. 2025 ஜனவரியில் மேலூர்ப் பக்கத்து மக்கள் மதுரைக்குத் திரண்டு நடந்தார்கள். 23ஆம் தேதி ஏலம் ரத்து. அந்த எழுத்தைக் காப்பாற்றியது எந்தத் துறையின் கட்டமும் இல்லை, அந்த ஊர்க்காரன் கால்.

மேகதாதுக் காட்டில் அப்படித் திரள அத்தனை கால்கள் இல்லை. முத்தத்தி, சங்கமா, மடவாளா, கொங்கேதொட்டி, பொம்மசந்திரா என்று மூழ்கப்போகிறவை விரல்விட்டு எண்ணக்கூடிய சின்னச்சின்ன ஊர்கள். வசதியற்றவர்கள், ஆடு மேய்ப்பவர்கள். ஆனால் எந்தப் பாறை இடுக்கில் சிவப்புக் கோடு இருக்கிறது, எந்தக் கல்லுக்குத் தாத்தா கோழி அறுத்தார், எந்த மேட்டில் பானை ஓடு மிதிபடும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். குவாத்தமாலாவில் விமானத்திலிருந்து லேசர் அடித்து, காட்டுக்குக் கீழே அறுபதாயிரம் மாயன் கட்டுமானங்கள் இருப்பதை 2018இல் சொன்னார்கள். நம்மிடமும் அந்தக் கருவி உண்டு; பத்து மாநிலக் காடுகளில் லைடார் வைத்துப் பார்த்துவிட்டார்கள், தடுப்பணை எங்கே கட்டலாம் என்று கண்டுபிடிக்க. சரி, லேசர் வேண்டாம். இலையுதிர்ந்த பிறகு பங்குனி சித்திரையில் இருபது பேர், அவர்களோடு யானை நடமாட்டம் தெரிந்த இரண்டு வாட்சர், ஆடு மேய்க்கும் கிழவர் நாலு பேர். கிழவருக்குக் கூலி கொடுங்கள், அறிக்கையில் பெயரையும் போடுங்கள். 9,000 கோடியில் இது சில்லறைகூட இல்லை, சில்லறை எண்ணும்போது கீழே விழுவது.

நடந்து பார்த்த பிறகு, ஒன்றுமில்லை என்று எழுதினால் நான் வாயை மூடிக்கொள்கிறேன். இருக்கிறது என்று எழுதினால் அணை நின்றுவிடுமா? இந்த நாட்டில் நிற்காது, எனக்குத் தெரியும். கழற்றி எடுத்து வைக்கலாம், படம் பிடிக்கலாம், எழுத்தைப் படியெடுக்கலாம். யார், எப்போது, எந்த மாட்டை மீட்கச் செத்தான் என்பதாவது மிஞ்சும். இரு மாநிலத்துத் தொல்லியல் துறைகளும் சேர்ந்தே போகலாம். அந்தக் காட்டில் செத்தவன் எந்த மாநிலம் என்று அவனுக்கே தெரிந்திருக்காது. கனகபுராவுக்கும் பென்னாகரத்துக்கும் ஓட்டு கேட்டு வருகிறவர்களிடம் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: மரம் எண்ணினீர்களே, கல் எண்ணினீர்களா?

நீர்ப்படை எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள் மேட்டூருக்குப் போகலாம். 1934இல் முடிந்த அணை. நீர்மட்டம் நன்றாக இறங்கும் வருடங்களில் பண்ணவாடியில் ஜலகண்டேசுவரர் கோயில் நந்தி முதலில் தலையை நீட்டும், பக்கத்தில் பழைய தேவாலயத்தின் கோபுரம். ஜனங்கள் போய் செல்ஃபி எடுப்பார்கள், மீன் வறுவல் சாப்பிடுவார்கள். கபினியும் கிருஷ்ணராஜசாகரும் திறந்தால் சில நாளில் லெவல் வந்துவிடும்.